செயற்கை செஃப் படங்களால் ஏஐ-யைப் பழக்கும் முறை

பல் சீரமைப்புக்காகத் தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயான செஃபலோகிராமில் (சுருக்கமாக செஃப்) செல்லா, நேசியான், ஏ, பி போன்ற எலும்பு அடையாளப் புள்ளிகளைக் குறிக்கும் ஏஐ-க்குப் படங்கள் எப்போதும் பற்றாக்குறைதான். மருத்துவப் படவியல் மாநாடான ஐஎஸ்பிஐ-யின் 2015 போட்டித் தொகுப்பில் இருப்பதே 400 படங்கள், ஒவ்வொன்றிலும் 19 புள்ளிகள். புதுப் படங்களை வரையும் ஏஐ-யான சாதாரண டிஃப்யூஷன் மாடல் எத்தனை எக்ஸ்ரே வேண்டுமானாலும் வரைந்து தரும். ஆனால் புள்ளி எங்கே என்று அதற்குத் தெரியாது, மருத்துவர்தான் மறுபடி உட்கார்ந்து குறிக்க வேண்டும். தலையை முப்பரிமாணத்தில் படம்பிடிக்கும் சிபிசிடி ஸ்கேனிலிருந்து கணினியில் செஃப் உருவாக்கினால் அந்த வேலை மிச்சம்: முப்பரிமாணத்தில் ஒருமுறை குறித்த புள்ளி ஒவ்வொரு படத்துக்கும் கூடவே வரும்.

நேசியான் (மூக்கின் வேர்), செல்லா (மண்டையடிக் குழியின் மையம்), போரியான் (காதுத் துளையின் மேல்விளிம்பு), மென்டான் (தாடையின் அடிமுனை) நான்கும் அடங்கிய ஸ்கேன்களை மட்டும் எடுங்கள். பல் இம்ப்ளான்ட்டுக்காக எடுத்த சிறிய ஸ்கேன் உதவாது. பெயரை நீக்கினாலும் தோல் பரப்பிலிருந்து முகத்தை மீட்டுவிடலாம் என்பதால் கோப்புகள் மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது. படம் உருவாக்கும் முன்பே நோயாளி வாரியாகப் பயிற்சி, சோதனை என்று பிரித்துவிடுங்கள்.

காதுத் துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் ஃபிராங்ஃபர்ட் தளத்தைக் கிடைமட்டமாக்கி, கதிர்மூலத்தை முகத்தின் நடுத்தளத்திலிருந்து சுமார் 152 செ.மீ., உணரியை 15 செ.மீ. தொலைவில் வையுங்கள், உருப்பெருக்கம் ஏறத்தாழ 10% வரும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு புள்ளியிலிருந்து விரியும் கதிருக்குப் பதில் இணைகதிர் போட்டால் வலது, இடது தாடை விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அசல் படத்தில் தெரியும் இரட்டை நிழல் காணாமல் போகும். அதில் பழகிய மாடல் அசல் படத்தில் கோனியானை (கீழ்த்தாடையின் பின்மூலை) பார்த்ததும் தடுமாறும். தலையை ±3° வரை திருப்பியும் சாய்த்தும் ஒரு ஸ்கேனுக்குப் பத்துப் படம் எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுத்தாலும் அதே முகம்தான். கோனியான் நிழல் விளிம்பைப் பொறுத்த புள்ளி, திருப்பும்போது நகரும். அதை மட்டும் ஒவ்வொரு படத்திலும் கண்ணால் சரிபாருங்கள்.

சிபிசிடி படத்தின் சாம்பல் நிற அளவு கருவிக்குக் கருவி வேறுபடும்; காற்றையும் கெட்டி எலும்பையும் வைத்துச் சமன்செய்யுங்கள். 0.4 மி.மீ. வாக்ஸலில் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) பிறந்த படம் அசலைவிட மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே கடைசிச் சுற்றுப் பயிற்சி அசல் படங்களில் மட்டுமே நடக்கட்டும். சோதனையும் அப்படியே: மருத்துவர் குறித்த இடத்திலிருந்து 2 மி.மீ.க்குள் விழுந்த விகிதத்தைப் புள்ளி வாரியாக எழுதுங்கள், சராசரி ஏமாற்றும்.

மூன்றாம் வகுப்பு (கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்தள்ளிய) முகங்கள் குறைவென்று அவற்றுக்கு மட்டும் செயற்கைப் படம் சேர்க்காதீர்கள். மங்கலான படம் என்றாலே மூன்றாம் வகுப்பு என்று மாடல் கற்றுக்கொள்ளும்.