தொலைநிலைக் கல்வி மையத்தில் மாணவர் பதிவேடு: எங்கே சறுக்கும், எப்படிப் பிடிப்பது

வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ தொலைநிலைக் கல்வி மையம் நடத்தப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு எக்செல் தாள் போதும். ஆனால் ஒன்றுதான் இருக்க வேண்டும். சேர்க்கைக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று என்று வைத்தால், ஒரே மாணவர் மூன்று தாளில் மூன்று பேராக இருப்பார்.

அடிக்கத் தொடங்கும் முன்பே, எண்கள் வரும் பத்திகளை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 12 இலக்க ஏபிசி ஐடியை (மாணவரின் படிப்புக் கிரெடிட்கள் சேரும் கணக்கின் எண்) எக்செல் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும். சைபரில் தொடங்கும் எண்ணில் சைபரை விழுங்கும். பிறகு 'டெக்ஸ்ட்' ஆக்கினாலும் போன சைபர் வராது.

பாதிச் சிக்கல் பெயரில்தான். மதிப்பெண் சான்றிதழில் 'செல்வி மு', ஆதாரில் 'செல்வி முருகன்'. இரண்டையும் தனித்தனிப் பத்தியில், எழுத்து மாறாமல் அடித்து, பொருந்தாத வரிக்குச் சிவப்பு பூசுங்கள். 2024 முதல் இந்தப் படிப்புகளில் சேர, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி கட்டாயம். அதை எடுக்க ஏபிசி ஐடி வேண்டும், அது ஆதாரில் உள்ள பெயரில்தான் வரும். ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால், சிவப்பு வரிக்காரர்களைச் சேர்க்கை தொடங்கிய வாரமே அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது கைபேசி எண். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டால், அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணையே கொடுத்துவிடுவதுண்டு. ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் ஓடிபி அவருக்குப் போகும், கடை பூட்டியிருக்கும். மாணவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அவர் கையிலுள்ள போன் அடிக்கவில்லை என்றால் அங்கேயே திருத்துங்கள். அடித்தால், அதே கையோடு மையத்தின் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், நம் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். குரூப் வேண்டாம், குட் மார்னிங் படங்களுக்குள் தேர்வுத் தேதி புதைந்துவிடும்.

'அழைக்கும் நேரம்' என்று ஒரு பத்தி அவசியம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவரைக் காலை 10 மணிக்குக் கூப்பிட்டால் தூக்கத்தில் இருப்பார். துறைமுக ஷிப்டுக்காரருக்கு வாரா வாரம் நேரம் மாறும். அவருக்குச் செய்திதான் சரி.

வெள்ளிதோறும் தாளைக் கூகுள் டிரைவில் ஏற்றி, இன்னொரு பிரதியை பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மையத்து மேசை டிராயரில் வைக்கிற பென் டிரைவ் பிரதிக் கணக்கில் சேராது. வியாசர்பாடியில் தண்ணீர் ஏறினால் சிபியூவோடு அதுவும் நனையும். மாதம் ஒருமுறை பிரதியைத் திறந்து, கடைசியாகச் சேர்ந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.