யூதர், இஸ்ரேல், பாலஸ்தீனம்: சேலத்துக் கல்லூரியில் ஓர் உரையாடல் அரங்கை நடத்தும் முறை

சேலத்திலிருந்து மேல்படிப்புக்காக அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஆண்டுதோறும் மாணவர்கள் செல்கிறார்கள். 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் காசாவுக்காகப் போராட்டக் கூடாரங்கள் எழுந்த பிறகு, அவர்கள் போய்ச் சேரும் வளாகங்களில் யூத அடையாளம், யூத வெறுப்பு, இஸ்ரேல் மீதான விமர்சனம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உள்ளூரில் படிப்பவர்களும் இதைப் பற்றி விடுதி அறையிலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் ஓயாமல் பேசுகிறார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் யூதர் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. பேசப்படுகிறவர் அரங்கில் இல்லாதபோது நாக்கு எளிதில் தவறும். தவறியதைச் சுட்டிக்காட்டவும் ஆள் இருக்காது. துறை மன்றத்திலோ வாசகர் வட்டத்திலோ இந்தப் பொருளை எடுத்துக்கொள்ள நினைக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சில நடைமுறைகளைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் வடிவத்தைத் தீர்மானியுங்கள். பட்டிமன்றம் வேண்டாம். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், நடுவில் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் என்ற ஏற்பாடு கைதட்டலுக்கு ஏற்றது. கொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது கைதட்டல் வரவே கூடாது. முப்பது பேருக்கு மிகாத கூட்டமும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளும் இரண்டு மணி நேரமும் போதும். நடத்துபவருக்குத் தனிக் கருத்து இருக்கலாம். அதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. காசாவிலிருந்தோ இஸ்ரேலிலிருந்தோ பெரிய சாவுச் செய்தி வந்த அன்றே அரங்கை வைக்காமல், சில நாள் கழித்து வையுங்கள்.

அடுத்து, எல்லோர் கையிலும் ஒரே ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச (யூதர்களுக்கெனத் தாயகம் கோரிய இயக்கத்தின்) மாநாடு, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவளித்த 1917இன் பால்ஃபர் அறிவிப்பு, அறுபது லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்றொழித்தது, 1947 நவம்பரில் இந்தியா எதிர்த்து வாக்களித்த, பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் ஐ.நா. திட்டம், 1948இல் இஸ்ரேல் உருவானதும் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்ததும், பாலஸ்தீனப் பகுதிகளில் 1967 முதல் தொடரும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு, 2023 அக்டோபர் 7 அன்று காசாவை ஆண்டுவந்த ஹமாஸ் அமைப்பு இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு 250 பேர் அளவில் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டது, அதன் பின் நடந்த போரில் காசாவில் இறந்தோர் எண்ணிக்கை அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் 2025 நடுப்பகுதிக்குள் 60,000ஐத் தாண்டியது என எல்லாமே அதில் இருக்கட்டும். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் அரங்கில் யாராவது ஒருவர் தம் துயரம் மறைக்கப்பட்டதாக உணர்வார், அது நியாயமும்கூட.

யூதர் என்றால் யார் என்பதில் சற்று நிதானமாக நில்லுங்கள். அது ஒரு மதம், ஒரு வம்சாவளி, ஒரு பண்பாடு. இம்மூன்றில் எது முதன்மை என்பதில் யூதர்களே உடன்படுவதில்லை. யூதர்களின் வழிபாட்டிடமான ஜெப ஆலயத்துக்குப் போகாதவரும் கடவுளை நம்பாதவரும் தம்மை யூதராகவே கருதுகிறார்கள். முறைப்படி மதம் மாறி வந்தவரும் யூதரே. ஐரோப்பியர் மட்டுமே யூதர் என்ற எண்ணமும் தவறு. ஈராக், ஏமன், மொராக்கோ, எத்தியோப்பியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இஸ்ரேலில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள்.

இதை நம் மண்ணோடு சேர்த்துச் சொன்னால் மாணவர் மனத்தில் தங்கும். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் வருகிறது. சேலம் சந்திப்பில் காலையில் ரயிலேறினால் அன்றைக்கே எர்ணாகுளம் போய், அடுத்த நாள் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அங்கே வாழ்ந்த சமூகத்தில் பெரும்பாலோர் 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. ஐரோப்பாவில் அப்படி இருக்கவில்லை என்பதை இந்த இடத்தில் சொன்னால், தங்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்ற கோரிக்கை எங்கே, ஏன் பிறந்தது என்பது தானாகவே விளங்கும்.

பிறகு நம் பேச்சில் ஊறியிருக்கும் வழக்கங்களுக்கு வாருங்கள். கண்டிப்பான வார்டனுக்கு ‘ஹிட்லர்’ என்று பட்டப்பெயர் வைப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ‘யூத மூளை’ என்ற புகழ்ச்சியும், ‘உலக வங்கிகளெல்லாம் அவர்கள் கையில்’ என்ற வசையும் ஒரே வேரில் முளைத்தவை. ஒரு மக்கள் கூட்டத்துக்கு மறைவான ஆற்றல் இருப்பதாக இரண்டுமே நம்புகின்றன. அந்த நம்பிக்கையைப் பரப்பிய ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற ஆவணம் 1903இல் ரஷ்யாவில் வெளிவந்த போலி. 1921இல் லண்டன் டைம்ஸ் நாளிதழ் அதை ஆதாரத்துடன் அம்பலப்படுத்திய பிறகும் அது ஓயவில்லை. ஏற்காட்டிலும் சேலத்திலும் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்து வந்த பலருக்கு இன்னொரு நினைவும் இருக்கும்: இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள் என்று சிறுவயதில் கேட்டது. அந்தப் பழியை அன்றைய யூதர் எல்லோர் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது குற்றம் சாட்டும் குரல் வேண்டாம்.

அரங்கின் நடுப்பகுதியைக் கரும்பலகைக்கு ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட பயிற்சி இதுதான். மாணவர்கள் உண்மையில் பகிர்ந்த வாசகங்களை, பகிர்ந்தவர் பெயரின்றி, ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, ‘இந்த வாக்கியம் யார் மீது குற்றம் சாட்டுகிறது? ஓர் அரசின் மீதா, ஒரு கொள்கையின் மீதா, பிறப்பால் ஒரு கூட்டத்தில் சேர்ந்தவர்கள் மீதா?’ என்று கேட்க வேண்டும்.

‘யூதர்கள் காசாவைப் பட்டினி போடுகிறார்கள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். உலக யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள். இஸ்ரேலியக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். உதவி லாரிகளைத் தடுத்த முடிவு இஸ்ரேல் அரசின் முடிவு. எழுவாயை மாற்றி ‘இஸ்ரேல் அரசு’ என்று எழுதியதும் சில மாணவர்கள், ‘சார், இது கண்டனத்தின் வேகத்தைக் குறைக்கிறதே’ என்பார்கள். குறைக்கவில்லை, பதில் சொல்லக் கடமைப்பட்டவரை அது சரியாகக் காட்டுகிறது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது இஸ்ரேல் பிரதமராக இருந்த நெதன்யாகு, அதன் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலன்ட், ஹமாஸ் தலைவர் ஒருவர் எனத் தனி ஆட்களின் பெயர்களையே எழுதியது. ‘முஸ்லிம்கள் அக்டோபர் 7இல் கொன்றார்கள்’ என்ற வாக்கியத்தையும் அதே பலகையில் அதே முறையில் திருத்த வேண்டும். அரங்கில் உள்ள முஸ்லிம் மாணவரிடம் ‘ஹமாஸைக் கண்டிக்கிறாயா?’ என்று முதல் கேள்வியாகக் கேட்பதும், நியூயார்க்கில் ஒரு யூத மாணவியை மறித்து இஸ்ரேலுக்காகப் பதில் சொல்லச் சொல்வதும் ஒரே தவறு.

இது யாருக்காவது விளங்காவிட்டால் 2016 செப்டம்பரை நினைவூட்டுங்கள். காவிரித் தீர்ப்புக்காகப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளைத் தேடித்தேடி எரித்தார்கள். மேட்டூர் அணைக்கு எத்தனை கனஅடி வர வேண்டும் என்பதை அந்த வண்டிகளின் ஓட்டுநர்கள் முடிவு செய்யவில்லை. சேலத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கடினமான வாசகம் ‘ஆற்றிலிருந்து கடல்வரை’ என்பது. யோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் விடுதலை பெற வேண்டும் என்ற இந்த முழக்கத்தைச் சிலர் எல்லோருக்கும் சம உரிமை என்ற பொருளில் எழுப்புகிறார்கள். பல யூத மாணவர்கள் அதைத் தம் மக்களை அகற்றும் அறைகூவலாகக் கேட்கிறார்கள். கடலுக்கும் யோர்தானுக்கும் இடையே இஸ்ரேலிய இறையாண்மை மட்டுமே இருக்கும் என்று இஸ்ரேலின் வலதுசாரி லிக்குட் கட்சியும் தன் 1977 தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது. முழக்கத்தைத் தடை செய்வதாலோ ஏற்றுக்கொள்வதாலோ பயனில்லை. அங்கே இன்று வாழும் ஏறத்தாழ எழுபது லட்சம் யூதர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பாலஸ்தீனர்களுக்கும் என்ன உரிமை இருக்கும் என்று முழங்குபவரிடம் கேளுங்கள். வரும் பதிலைக் கொண்டு மதிப்பிடுங்கள்.

குற்றச்சாட்டே ஆயுதமாவதையும் மறைக்காதீர்கள். 2016இல் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி ஏற்றுக்கொண்ட யூத வெறுப்பின் வரையறையில் இஸ்ரேல் தொடர்பான எடுத்துக்காட்டுகள் பல இருப்பதால், அதை வளாக விதியாக்குவது நியாயமான விமர்சனத்தையும் முடக்கும் என்ற எதிர்ப்பு எழுந்தது. அந்த வரைவை எழுதியதில் முன்னின்ற கென்னத் ஸ்டெர்னே அப்படிப் பயன்படுத்துவதை எதிர்த்தார். 2021இல் அறிஞர்கள் பலர் எருசலேம் பிரகடனம் என்ற மாற்று வரையறையை வெளியிட்டார்கள். இரண்டையும் படித்து ஒப்பிடச் சொல்வது அரை மணி நேரத்துக்கு உரிய நல்ல வேலை. கொலம்பியாவில் 2024 ஏப்ரலின் ஒரே வாரத்தில், போராட்டக் கூடாரங்களுக்கு நடுவே யூத மாணவர்கள் தம் பண்டிகையான பாஸ்காவின் விருந்தை நடத்தினார்கள். அதே வளாகத்தோடு தொடர்புடைய ஒரு ரபி (யூத மத குரு), பாதுகாப்பில்லை என்பதால் யூத மாணவர்கள் வீடு திரும்புவது நல்லது என்று அறிவுறுத்தினார். இரண்டும் உண்மையில் நடந்தவை. ஒன்றை மட்டும் சொல்பவர் யூத மாணவர்களில் ஒரு பகுதியை இல்லாமல் ஆக்குகிறார்.

ஈழம் பேச்சில் வந்தே தீரும். சிதறிக் கிடந்த யூதர்கள் நாடமைத்தார்கள், நாமும் அமைப்போம் என்று ஒருவர் சொல்வார். முள்ளிவாய்க்காலைப் பார்த்த நமக்குக் காசா புரியும் என்று இன்னொருவர் சொல்வார். இருவரின் வலியும் உண்மையானது என்பதால் நடத்துபவர் எவரையும் வெட்டிப் பேசக் கூடாது. எது ஒத்திருக்கிறது, எது ஒத்திருக்கவில்லை என்று ஆளுக்கு ஒவ்வொன்று சொல்லச் செய்துவிட்டு, பொருளுக்குத் திரும்புங்கள்.

கடைசியாக, பதிவு. அரங்கை வீடியோ எடுக்க வேண்டாம். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அமெரிக்கா அறிவித்தது. பத்தொன்பது வயதில் யோசித்துக்கொண்டே ஒருவர் உதிர்த்த அரை வாக்கியம் துணுக்காக வெட்டப்பட்டு அவருடைய விண்ணப்பத்தோடு போய்ச் சேரக் கூடாது. துறைக் குழுவில் சுருக்கம் பகிர விரும்பினால், கருத்துகளை மட்டும் எழுதி, பெயர்களை விட்டுவிட்டு, வந்திருந்தவர்களிடம் ஒருமுறை காட்டிய பின் அனுப்புங்கள்.