ஸ்டேஷன் பக்கம் கீழே கடை, மேலே வீடு: கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஸ்டேஷன்ல இருந்து 400 மீட்டர்தான் சார்." பத்திர நகலை என் மேசையில் வைக்கிற எல்லாரும் இந்த வார்த்தையோடுதான் வைக்கிறார்கள். நாகர்கோவிலில் கட்டடத்துக்குப் பிளான் வரைந்து, அனுமதிக்கு அலைவது என் பிழைப்பு. நாலைந்து வருடமாக வருகிற ஆட்களில் பாதிப்பேருக்கு ஒரே ஆசை. ஸ்டேஷன் பக்கம் இருக்கிற பழைய ஓட்டு வீட்டை, அல்லது அப்பா காலத்துக் கடை வரிசையை இடித்துவிட்டு, கீழே கடை, நடுவில் ஆபீஸ், மேலே வீடு என்று ஒரே கட்டடமாக எழுப்ப வேண்டும்.

ஆசையில் தப்பில்லை. 1979-ல் திருவனந்தபுரத்தில் இருந்து ரயில் வந்தபோது, ஊரின் நடமாட்டம் பஸ்ஸைச் சுற்றியே இருந்தது. கோட்டாறில் இருக்கும் சந்திப்பு நிலையம் மூட்டை முடிச்சோடு போய் வருகிற இடமாகத்தான் பல காலம் இருந்தது. இப்போது கதை மாறுகிறது. திருநெல்வேலிப் பக்கம் இரட்டைப் பாதை வந்துவிட்டது, 2024 ஆகஸ்டில் சென்னைக்கு வந்தே பாரத் ஓட ஆரம்பித்தது, குழித்துறை நிலையத்தை அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். நிலத்தின் விலை ரயிலைவிட வேகமாக ஓடுகிறது.

கீழே கடை, மேலே வீடு என்பது நமக்குப் புதிதும் இல்லை. கோட்டாறு சந்தையைச் சுற்றி முன்கட்டில் வியாபாரமும் பின்கட்டில் குடும்பமுமாக எத்தனை வீடுகள்! வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் பட்டறையையும் படுக்கையையும் ஒரே கூரைக்குள் வைத்திருந்தவர்கள்தான். அந்தப் பழக்கத்தை நாலு மாடியாக அடுக்கும்போதுதான் சறுக்குகிறோம்.

முதல் சறுக்கல் அந்த 400 மீட்டரிலேயே இருக்கிறது. அது போன் மேப்பில் விரலை வைத்து நேர்கோட்டில் அளந்த தூரம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடத்துக்கு, மதிலைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மத்திய அரசின் 2017 கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையிலான வட்டத்தைத்தான் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சிக்கான பகுதியாகச் சொல்கிறது. நடந்தே போய்விடுகிற தூரம் என்பதுதான் அதன் கணக்கு. ஆக, அளவுகோல் மீட்டர் இல்லை, நிமிடம். நான் இப்போது யார் வந்தாலும் அவரையே ஒரு தடவை நடக்கவிடுகிறேன். அதுவும் மழையில், அல்லது இருட்டின பிறகு. ஒருவருக்குப் பதினேழு நிமிடம் ஆனது. வியர்த்து வந்து உட்கார்ந்தவர், "சார், ரெண்டாவது மாடி ஆபீஸ் வேண்டாம், வீடாவே போட்டுருவோம்" என்றார். அந்த நடை ஒரு தளத்தின் பணத்தை மிச்சப்படுத்தியது.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஸ்டேஷன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். குழித்துறை ஸ்டேஷனில் இறங்கினால் மார்த்தாண்டத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். இரணியலில் இறங்கித் தக்கலை போகிறவருக்கும் அதே கதை. சென்னையில் மெட்ரோ பக்கத்தில் ஓடுகிற வியாபாரத்தைப் பார்த்துவிட்டு இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே சில நிமிடத்துக்கு ஒரு வண்டி. இங்கே ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் காக்கா நடக்கும்.

அதனால் வரைபடம் போடுமுன் ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள் நின்று ஆட்களைப் பார்க்க வேண்டும். காலையில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிற கூட்டம். அங்கே ஆர்.சி.சி புற்றுநோய் மருத்துவமனைக்கும் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள், துணைக்கு ஒரு ஆள், கையில் பைல். சாயங்காலம் அதே கூட்டம் பசியோடும் அவசரத்தோடும் திரும்பும். இவர்களுக்கு வேண்டியது விடிகாலையில் திறக்கிற சாயாக்கடை, மருந்துக்கடை, பைக்கை நம்பி விட்டுப்போக ஒரு இடம், திரும்பும்போது காய்கறி, சுத்தமான கழிப்பறை. பட்டுக்கடையும் நகைக்கடையும் இல்லை. பெரிய ஷோரூம் ஒன்று வாடகைக்கு வரும் என்று 2,000 சதுர அடியைத் தூணில்லாமல் ஒரே ஹாலாகக் கட்டிப்போட்டவர் ஒருவர் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் ஷட்டர் திறக்கவில்லை. பிறகு பிளைவுட் வைத்து எட்டாகப் பிரித்துக் கொடுத்தார், எட்டும் ஒரே மாதத்தில் போனது.

கீழ்த்தளத்தைக் காருக்குக் கொடுப்பது

தரைத்தளம் முழுவதையும் தூண் நிறுத்தி பார்க்கிங்காக விட்டுவிட்டு, கடைகளை முதல் மாடிக்கு ஏற்றுகிறார்கள். கேட்டால், விதி பார்க்கிங் கேட்கிறது என்பார்கள். கேட்கிறதுதான். அதற்காகத் தெருவைப் பார்த்த முகப்பையே கொடுக்க வேண்டுமா? முன்பக்கம் பன்னிரண்டு பதினைந்து அடி ஆழத்துக்குக் கடை, வண்டிகள் பின்னால், பக்கவாட்டு வழியாகப் போகட்டும். ரயிலில் இருந்து இறங்கி நடக்கிற ஆள் படி ஏறிக் கடைக்கு வரமாட்டார். இருட்டான தூண் வரிசையைத் தாண்டிப் போகப் பெண்கள் தயங்குவார்கள். அந்தத் தெருவே செத்துப்போகும்.

முகப்பில் கண்ணாடி ஒட்டுகிற மோகத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பத்மநாபபுரம் அரண்மனையில் கூரை ஏன் அவ்வளவு தாழ்ந்து, சுவரைத் தாண்டி வெளியே நீண்டு இறங்குகிறது என்று மழையில் அங்கே நின்றால் புரியும். கடை முன்னால் ஐந்தடிக்குச் சாய்ப்பு இறக்குங்கள். மழைக்கு ஒதுங்குகிறவன் அரைமணி நேரத்தில் ஒரு சாயாவாவது குடிப்பான், ரசவடை சூடாக இருந்தால் இரண்டு.

தண்ணீரை மறப்பது

நீங்கள் கட்டுகிற இடத்தின் பழைய பெயரைக் கேளுங்கள். விளை என்று முடிந்தால் பெரும்பாலும் மேட்டு நிலம். குளம், ஏலா, பற்று என்று தண்ணீரையும் வயலையும் சொல்கிற பெயர் காதில் விழுந்தால் உஷார். பழையாறும் அனந்தனாறு சானலும் அவற்றின் கிளைகளும் வயலுக்காக வந்தவை. வயல் போய்விட்டது, தண்ணீருக்கு அது தெரியாது. 2021 நவம்பர் மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் மண்ணடித்து மேடாக்குவது. பக்கத்து மனையைவிட மூன்றடி உயர்த்திவிட்டால் நமக்குத் தண்ணீர் வராது. ஆனால் அது பக்கத்து ஓட்டு வீட்டு அடுக்களைக்குள் போகும். அந்த வீட்டு அம்மாச்சி அடுத்த நாளே மாநகராட்சியில் மனு கொடுப்பார், வேலை நிற்கும். நியாயமும் அவர் பக்கம்தான். இன்னொன்று, மூன்றடி உயர்ந்த கடைக்கு ஆறு படி வேண்டும். கீமோ முடிந்து வருகிறவர் மருந்துக்கடைக்கு ஆறு படி ஏறுவாரா? ஓடையை மூடாமல், பக்கவாட்டு காலியிடத்தில் சிமென்ட் போடாமல், மழைநீரை முதலில் மண்ணுக்குள் விடுங்கள். தரையை எத்தனை அடி உயர்த்துவது என்பதைப் பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். நஞ்சை என்று பதிவாகியிருந்தால் நிலப்பயன் மாற்றத்துக்கான அனுமதி இல்லாமல் ஒரு செங்கலும் இறக்க வேண்டாம்.

வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று நம்புவது

பணத்தை அதிகம் தின்கிற தவறு இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் வீட்டையும் கடையையும் வாடகைக்கு விடுவதுபோலவே ஒத்திக்கும் விடுவோம். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் அனுபவிக்க விடுவது. போகும்போது தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிவு செய்த ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியும். முத்திரைத்தாளில் இரண்டு சாட்சியோடு எழுதி பீரோவில் வைத்த ஒத்தி தெரியாது. சான்று வெள்ளையாக இருக்கும், உள்ளே ஒரு குடும்பம் இருக்கும். வாங்கினவர் பூட்டை உடைக்க முடியாது. ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பழைய உரிமையாளரோ பணத்தோடு வெளிநாட்டில் இருப்பார். எனக்கு வந்த ஒரு வேலை இப்படித்தான் பதினாலு மாதம் நின்றது. நிலத்தை வாங்கிக்கொடுத்த தரகர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். எனக்கு வரைபடக் கூலி இன்னும் பாதி வரவில்லை, அது வேறு.

இதற்கு இணையான இன்னொன்று தரைவாடகை. நிலம் ஒருவருடையது, அதன்மேல் இருக்கும் ஓட்டுக்கடை இன்னொருவர் தன் காசில் கட்டியது. பழைய கடை வரிசைகளில் இது சகஜம். நிலம் கோயிலுடையது, தேவசம் நிலம் என்றால் கணக்கே வேறு.

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு திரு-கொச்சியோடும் இருந்தவர்கள். அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். தமிழில் யாரோ எழுதிக்கொடுத்த சுருக்கத்தைப் படித்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த வக்கீல் முழுப் பத்திரத்தையும் படிக்கட்டும். எல்லை விவரத்தில் ஒரு வழிநடையோ, பொதுக் கிணற்று உரிமையோ ஒளிந்திருக்கும். ஸ்டேஷனுக்குக் குறுக்குவழியாக ஊரே பயன்படுத்துகிற முடுக்கு உங்கள் பத்திரத்துக்குள் இருந்தால், அதை அடைத்துக் கட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த முடுக்கில் நடக்கிறவன்தான் உங்கள் கடைக்கு வரப்போகிறவன்.

கடைக்காரர்களை எழுப்புவதில் காட்டுகிற அவசரமும் இதே வகை. கரண்டைத் துண்டிப்பது, படியை உடைப்பது எல்லாம் வழக்கில்தான் முடியும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது, அதை இருதரப்பும் செய்துகொள்வதே நல்லது. எத்தனை மாதம் வெளியே இருக்க வேண்டும், புதுக் கட்டடத்தில் எந்த இடம், எந்த வாடகை என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு வருடத்தில் முடித்திருக்கிறார்கள். வாசலில் பூ விற்கிறவர், மீன்கூடையோடு உட்காருகிற அக்கா ஆகியோருக்கு 2014 தெருவியாபாரிகள் சட்டம் இருக்கிறது. தெருவியாபாரத்தைக் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களுடைய பிரதிநிதிகள்தான், கணக்கெடுப்பு இல்லாமல் அப்புறப்படுத்த முடியாது. அவர்களால்தான் அந்த வாசலில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சதுர அடிக் கணக்கு

10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. 2019 கட்டட விதிகளின்படி சாதாரண உயரக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லா மாடியும் சேர்த்து மனையைப்போல் இரண்டு மடங்கு, 8,712 சதுர அடி. கட்டணம் கட்டிக் கூடுதலாக வாங்கும் பரப்பு சாலை அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டர் சாலைக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50. "எங்க ரோடு முப்பதடி சார்" என்பார்கள். டேப்பை எடுத்துப் போனால் இருபத்திரண்டு அடி இருக்கும், மீதி ஓடையும் மின்கம்பமும் மாமனார் வீட்டு மதிலும். 9 மீட்டர் என்பதே இருபத்தொன்பதரை அடி. சாலையை அளக்காமல் போட்ட லாபக் கணக்கு எதுவும் நிற்காது. ரயில்வே எல்லையில் இருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையில்லாச் சான்றும் வேண்டும், நம் பகுதிக்கு அது திருவனந்தபுரம் கோட்டம். அதற்கான மாதங்களையும் வங்கி வட்டியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளும், வீடுகள் 8-க்குள்ளும் இருந்தால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்டுக்குக் கொஞ்சம் மேல். நம் ஊர் ஸ்டேஷன் ரோட்டு மனைகள் பல அதற்குள் அடங்கிவிடும். விளம்பரத்தில் ரெரா எண் இல்லையே என்று கேட்டால் "சின்ன புராஜெக்ட், தேவையில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் வாங்குகிறவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக்கணக்கில் வைக்கிற பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சென்ட், கடைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் மோட்டார், குப்பை, லிப்ட் செலவு எப்படிப் பிரியும் என்பதை முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கீழே ஓட்டல் வந்தால் புகைபோக்கி எந்த ஜன்னலுக்கு நேரே போகும் என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்டதற்காக என்மேல் கோபப்பட்ட பில்டர்கள் உண்டு.

போன மாதம் ஒரு பிளானை எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே முப்பது வருடமாகச் சாயாக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். புதுக் கட்டடத்தில் மூலைக்கடை அவருக்கு என்று உரிமையாளர் எழுதிக்கொடுத்துவிட்டார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் கொள்ளாம் தம்பி. நாலு மணிக்குப் பால் வண்டி வருமே, அது எங்க நிக்கும்?"

மூலையில் நான் போட்டிருந்தது அலங்காரச் செடித் தொட்டி. வீட்டுக்கு வந்து அதை அழித்துவிட்டு எட்டுக்குப் பதினைந்து அடியில் ஒரு பெட்டி வரைந்திருக்கிறேன். உரிமையாளருக்குத் தொட்டிதான் பிடித்திருக்கிறதாம், திங்கட்கிழமை பேச வேண்டும்.