டெல்டாச் செம்மறிகளில் ஈரல் தட்டைப்புழுவைக் கட்டுப்படுத்தும் முறை

மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது முதல் தாளடி (இரண்டாம் போக நெல்) அறுவடை முடியும் வரை, காவிரி டெல்டாவில் செம்மறி மேய்ப்பவர் புல்லை மட்டுமல்ல, அது நிற்கும் ஈரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈரல் தட்டைப்புழுவின் முட்டை புழுக்கையோடு வெளியேறித் தண்ணீரில் பொரிந்து, நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகி, சில வாரங்களுக்குப் பின் நீரோரப் புல்லிலும் நெல்தாளின் அடியிலும் சிறு கூடாக ஒட்டிக்கொள்கிறது. அதைத் தின்னும் ஆடு நோய்ப்படுகிறது. ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு இது நேரடியாகத் தொற்றாது.

ஆகவே கோரை மண்டிய வடிகால் ஓரத்தையும் ஈரம் உலராத அறுவடை வயலையும் தவிர்த்து, மேட்டுத் திடலில் மேய்த்து, தொட்டியில் தண்ணீர் காட்டுவது நல்லது. பச்சைத் தாளை விட வெயிலில் நன்கு காய்ந்த வைக்கோலில் ஆபத்து மிகக் குறைவு. அறுவடை வயலில் முதலில் வாத்துகளை இறக்குவோருக்கு நத்தையும் ஓரளவு குறையும்.

கண் இமையின் உட்புறம் வெளுப்பது, மெலிவது, மேய்ந்து திரும்பும் மாலையில் தாடையின் கீழ் நீர் கோத்து விடியலில் வடிவது ஆகியவை அறிகுறிகள். ஆனால் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவும் இதே தாடை வீக்கத்தைத் தரும் என்பதால், புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிப் பரிசோதிப்பது அவசியம். தட்டைப்புழு முட்டை கனமானது. மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையில் தப்பிவிடும், படியவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். புழு முதிர்ந்து முட்டையிட மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் ஆவதால், முட்டை தென்படாததை மட்டும் வைத்து நோயில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பலர் ஏமாறுவது மருந்தில்தான். ஐவர்மெக்டின் இப்புழுவைத் தொடாது. ஆக்ஸிக்ளோசனைடும் ஆல்பெண்டசோலும் முதிர்ந்த புழுவையே கொல்லும்; இளம்புழு ஈரலைத் துளைக்கும் காலத்தில் டிரைக்ளாபெண்டசோல் போன்ற மருந்து தேவை. ஆல்பெண்டசோலைச் சினையின் தொடக்கத்தில் கொடுக்கக் கூடாது. அளவை மருத்துவர் சொல்ல, ஆட்டை எடைபோட்டுக் கொடுக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் குறைந்துபோய், புழு மருந்துக்குப் பழகிவிடக்கூடும். கொடுத்த பின் பழைய ஈர மேய்ச்சலுக்கே ஓட்டிச் சென்றால் செலவு வீண்தான்.

வெளியூரிலிருந்து வரும் கிடையை (எருவுக்காக வயலில் அடைக்கும் மந்தையை) அமர்த்துவோர் வாய்க்காலை ஒட்டாத வயலில் அமர்த்தலாம். புழுக்கை காய்ந்தால் முட்டை அழியும். கறிக்கு அறுத்த ஆட்டின் ஈரலையும் கேட்டுப் பார்க்கலாம். பித்தக்குழாய் தடித்து, உள்ளே இலை வடிவப் புழு தென்பட்டால், அந்த ஆட்டோடு மேய்ந்த மந்தை முழுவதற்கும் மருந்து தேவையா என்று அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.