ஒரு வீடியோ எவ்வளவு என்று கேட்டால் உடனே தொகை சொல்லிவிடாதீர்கள்

போன மாதம் சாலிகிராமத்தில் உள்ள என் எடிட்டிங் அறைக்கு ஒரு தம்பி வந்தார். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய கம்ப்யூட்டரில் 4கே ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக மாற்றும் வேலை, பாதியில் நின்றுவிடுகிறதாம். ஒரு ராத்திரி மட்டும் என் மெஷினில் உட்காரலாமா என்று கேட்டார். ஹார்ட் டிஸ்க்கை மாட்டி ப்ராஜெக்டைத் திறந்தார். ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் புதுசு, ஃபைனல் ஓனர் சொன்னது என்று வரிசையாக 17 சீக்வென்ஸ்கள், ஒரே வீடியோவின் 17 எடிட்கள்.

“எவ்வளவு பேசினீங்க?”

“ஒரு வீடியோதானேண்ணா, 25 ஆயிரம் சொல்லிட்டேன்.”

“எத்தனை கரெக்ஷன்னு பேசினீங்களா?”

பதில் இல்லை. எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறை, அதே வார்த்தைகளில், இன்னொருவர் செய்வதைப் பார்க்கும் கோபம். இந்த வருடம் மட்டும் இப்படி நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பேட்டரி சார்ஜ் போடுங்கள், கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள் என்பதை எல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு ஷூட்டில் அடிபட்டால் அது தானாக வந்துவிடும். பணம் பேசும் இடத்தில் நடக்கிற தவறுதான் அடிபட்ட பிறகும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஒற்றைத் தொகை சொல்வது

2016. கொங்குப் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்குத் தீபாவளி விளம்பரம், 30 விநாடி. போனில் கேட்டார்கள், போனிலேயே 60,000 என்று சொன்னேன். அட்வான்ஸ் 40,000 வந்தது. இரண்டு நாள் ஷூட். கேமரா, லைட் வாடகை, உதவியாளர்கள் பேட்டா, வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து 38,000 போய்விட்டது. மீதி 22,000 எனக்கு, நாலு நாளில் எடிட் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் கட் அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்றார் ஓனர். அப்புறம் ஆரம்பித்தது. லோக்கல் கேபிளுக்கு 20 விநாடியில் ஒன்று வேண்டும். பஸ் ஸ்டாண்ட் எல்இடி திரைக்குச் சத்தமில்லாமல் ஒன்று. போனில் பார்க்க நெட்டுக்குத்தாக ஒன்று. படுக்கைவாக்கில் எடுத்த ஷாட்டை நெட்டுக்குத்தாக வெட்டினால் முக்கியமான முகமே வெளியே போய்விடும். ஒவ்வொரு ஷாட்டையும் திரும்ப ஃப்ரேம் செய்ய வேண்டும். இது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு நாள் இரவு 11:40-க்கு மெசேஜ்: “தம்பி ஒரே ஒரு சின்ன கரெக்ஷன். அரக்குப் புடவை சிவப்பா தெரியுது.” அந்த ஷாட் வெறும் நாலு விநாடி. அதில் அந்தப் பெண் திரும்புகிறார், முந்தானை காற்றில் பறக்கிறது. புடவையை மட்டும் தனியாக மாஸ்க் போட்டு நிறம் மாற்ற வேண்டும். முந்தானை ஓரம் கை மேல் படும்போதெல்லாம் மாஸ்க் நழுவி விரலும் அரக்காகிறது. ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளித் தள்ளி, விடிகாலை 3 மணிக்கு அனுப்பினேன். மறுநாள் அவருடைய மகன் அதைக் கடை டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் இருந்த நிறம்தான் சரி என்றார். ஓனர் பார்த்தது அவருடைய போனில், அதுவும் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் போட்டு வைத்திருந்த திரையில்.

எடிட் மட்டும் 26 நாள் ஓடியது. 22,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 850 ரூபாய்கூட வரவில்லை. ஷூட்டில் லைட் பிடித்தவருக்கு நான் அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன். பாக்கி 20,000 பொங்கல் கழிந்துதான் வந்தது. அந்தத் தீபாவளிக்கு அந்த வேலையில் என் கையில் மிஞ்சியது 2,000.

அந்த ஓனர் ஏமாற்றுக்காரர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவர் கணக்கில் அவர் வாங்கியது ஒரு விளம்பரம். அதைக் கேபிளில் போடுவார், பஸ் ஸ்டாண்டில் போடுவார், பிடிக்கும்வரை மாற்றச் சொல்வார். வேலை எங்கே முடிகிறது என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. சொல்லாத எல்லையை அவர் எப்படி மதிப்பார்?

அப்போது நான் அனுப்பியிருக்க வேண்டியது இப்படி ஒரு மெசேஜ்: “சார், 60,000-க்கு இரண்டு நாள் ஷூட், 30 விநாடியில் ஒரு வீடியோ, 16:9 படுக்கைவாக்கு வடிவம், தமிழ் மட்டும். கரெக்ஷன் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 3,000. நெட்டுக்குத்து வடிவம் வேண்டுமென்றால் ஷூட்டுக்கு முன்பே சொல்லுங்கள், அது தனி. அட்வான்ஸ் பாதி, ரஃப் கட் (முதல் கட்) பார்த்ததும் 30 சதவீதம், ஃபைனல் ஃபைலுக்கு முன் 20 சதவீதம். சம்மதம் என்றால் ஓகே என்று பதில் போடுங்கள்.”

இவ்வளவுதான். முத்திரைத் தாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மின்னணு வடிவில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தம் செல்லாது என்று ஆகாது; தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவிலேயே இது இருக்கிறது. மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். வாய்ஸ் நோட்டில் பேசினால், பேசியதை எழுத்தில் ஒருமுறை திரும்ப அனுப்பிவிடுங்கள்.

‘சுற்று’ என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள். ஒரே ஆள், எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து, ஒரே மெசேஜில் சொல்வது ஒரு சுற்று. இல்லாவிட்டால் ஓனர் ஒன்று, மகன் ஒன்று, கணக்குப்பிள்ளை ஒன்று என்று மூன்று பக்கமிருந்தும் வரும். ஒருவர் மாற்றியதை இன்னொருவர் திருப்பச் சொல்வார். அந்தப் புடவையில் எனக்கு நடந்தது அதுதான்.

கூடுதல் வேலை வந்தால் அது வந்த நிமிடமே பணத்தைச் சொல்லுங்கள். “செய்கிறேன் சார், இது மூன்றாவது சுற்று, 3,000 சேரும்” என்று சொல்ல அரை நிமிடம் போதும். எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகக் கேட்டால் சண்டையாகத்தான் தெரியும். இப்படிப் பேசினால் கிளையண்ட் ஓடிவிடுவார் என்கிறார்கள். சிலர் ஓடத்தான் செய்தார்கள். ஆனால் இரண்டு சுற்று என்று எழுதிக் கொடுத்த பிறகு வந்த கரெக்ஷன்கள் பாதியாகக் குறைந்ததையும் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அனுப்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்க்கிறார்கள்.

பாக்கி வராமல் சுத்தமான ஃபைல்

தராதீர்கள். படத்தின் மேல் உங்கள் பெயர் தெரியும் வாட்டர்மார்க்கோடு அனுப்புங்கள்.

ரா புட்டேஜ் என்னுடையது என்று நினைப்பது

எடிட் செய்யாத ஒரிஜினல் ஷாட்கள் நமக்குத்தான் சொந்தம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 17-ஐ ஒருமுறை படியுங்கள். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுத்த போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். உங்கள் வேலையைக் காட்டும் ஷோரீலில் போட்டுக்கொள்ளும் அனுமதியைக்கூட முதலிலேயே எழுதி வாங்கினால்தான் நிம்மதி. ரா புட்டேஜ் கொடுப்பீர்களா, எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், ஹார்ட் டிஸ்க் யார் வாங்க வேண்டும் என்பதையும் அதே மெசேஜில் சேருங்கள். ஆறு மாதம் கழித்து “அந்த ஒரிஜினல் வேணும் தம்பி” என்று கட்டாயம் கூப்பிடுவார்கள்.

30 விநாடிக்குள் பாட்டு போட்டால் பிரச்சினை இல்லை

அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் இல்லை. 30 விநாடியும் இல்லை, 10 விநாடியும் இல்லை. கல்யாண மண்டபத்தில் பாட்டு போடுவதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதே பாட்டைக் கல்யாண வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவது வேறு. வீடியோ முடங்கினால் பெண் வீட்டார் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். உரிமம் உள்ள இசையை வாங்குங்கள், அதன் விலையையும் கொட்டேஷனில் சேருங்கள்.

உத்யம் பதிவைத் தள்ளிப்போடுவது

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘90 நாளில் பேமெண்ட்’ என்று எழுதியிருக்கும் ஆர்டரில் சத்தமில்லாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். அதற்கு மேல் தவணை பேசி வைத்திருந்தாலும் 45 நாள்தான் கணக்கு. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டியாக. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து எடிட் செய்கிற தனி ஆளும் குறு நிறுவனமாகப் பதிவு செய்யலாம். உத்யம் தளத்தில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்து, பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். என் அனுபவத்தில், அந்த எண் இருக்கிற பில் கணக்குப் பிரிவில் சீக்கிரம் நகர்கிறது.

இலவச வேலைக்குப் பில் போடாதது

நண்பருக்குச் செய்தாலும் தொகை 12,000, தள்ளுபடி 12,000 என்று பில் அனுப்புங்கள். அடுத்த முறை அவருக்கு விலை தெரிந்திருக்கும்.

காசுக்கு டிரோன்

டிரோனின் எடை 250 கிராமைத் தாண்டினால் அதை ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். இல்லாதவரை அழைத்துப் போகாதீர்கள்.

அந்தத் தம்பி ரெண்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதே 18-வது கரெக்ஷன் வந்தது. ஐந்து மாற்றம் கேட்டிருந்தார்கள். போனை எடுத்து “செய்துடறேன் சார்” என்று அடிக்கப் போனவரை நிறுத்தி, பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்: இதுவரை கொடுத்தது 17, அதற்குத் தனியாகக் கேட்கவில்லை, இனி வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் 2,000. அனுப்புவதற்கு முன் மூன்று முறை அழித்து எழுதினார். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. ராத்திரி முழுக்கப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது: “லோகோ மட்டும் மாத்திடு தம்பி. மத்ததெல்லாம் இருக்கட்டும். 2,000 சேர்த்தே போட்டுடறேன்.”