சாரல் காலத்தில் பூடில் முடி: வீட்டிலேயே சிக்கெடுத்து வெட்டுவது எப்படி?

ஜூன் பிறந்தால் செங்கோட்டைக்கு ஆரியங்காவு பக்கமிருந்து சாரல் வந்துவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈர வாடை போகாமல் கிடக்கும். பூடில் நாய் வளர்க்கிறவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய காலம் இது.

எங்கள் வீட்டு நாய் சுருளி, டாய் பூடில் என்கிற குட்டி ரகம். இந்த ஜாதிக்கு முடி மற்ற நாய்களைப்போலத் தரையெல்லாம் கொட்டாது. உதிர்கிற முடி சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு பக்கத்து முடியோடு பின்னிக்கொள்ளும், புது முடியும் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தினமும் சீவ வேண்டும், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். திருநெல்வேலிக்கு ஒவ்வொரு தடவையும் 60 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்றுதான் நான் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது. தண்ணீர் பட்டால் சிக்கு இளகும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு, காயக் காய அது இறுகிக் கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிடும். முதல் வருஷம் நான் அப்படியே குளிப்பாட்டிவிட்டேன். நாலு நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் விரல் வைத்தால் ஒரு கட்டி. மழித்துப் பார்த்தபோது அடியில் தோல் சிவந்து, ஈரமாக, புளித்த நாற்றம். பாவம், அத்தனை நாளும் அது தலையைச் சாய்த்தபடியே இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

சீவுவதற்கு ஒரு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்), ஒரு இரும்புச் சீப்பு, இரண்டும் வேண்டும். மேலாக பிரஷ் போட்டால் பார்க்க பஞ்சு மாதிரி அழகாக இருக்கும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரிகிற மாதிரி வகிடெடுத்து, அந்த வரிசையை மட்டும் சீவி, பிறகு அடுத்த வகிடு. கடைசியாகச் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுங்கள், தடையில்லாமல் வந்தால் சரி. காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டை உரசுகிற இடம், தொடை இடுக்கு, இங்கேதான் முதலில் சிக்கு விழும். முடிச்சு கிடைத்தால் அதன் அடிமுடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள், அப்படிச் செய்தால் தோல் இழுபடாது, வலிக்காது. கத்தரியை உள்ளே விடாதீர்கள். சிக்கோடு தோலும் எழும்பி வந்திருக்கும், எது முடி எது தோல் என்று தெரியாது.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், நாய்க்கான ஷாம்பு. நம் ஷாம்பு அதன் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் மறுபடி சிக்குதான். டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, சீவிக்கொண்டே வேர்வரை காய வையுங்கள். சாரல் நாளில் தானாகக் காயட்டும் என்று விடவே கூடாது. காது மடலையும் துடைத்து உலர்த்துங்கள், உள்ளே பட்ஸ் விட வேண்டாம். காதுக்குள் நாற்றமோ அழுக்கோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகே கிளிப்பர், அதாவது முடி வெட்டுகிற மெஷின். பிளேடில் எண் கூடக் கூட முடி குட்டையாகும். முகம், பாதம், வயிறு மூன்றுக்கும் 10-ஆம் எண் பிளேடு போதும், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடி நிற்கும். முடி படிந்திருக்கும் திசையிலேயே ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். உடம்பை மொட்டையாக அடிக்க வேண்டாம், அரை அங்குலம் விட்டால் வெயிலும் கொசுவும் நேரே தோலில் படாது.

நகம் கறுப்பாக இருந்தால் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியாது, நுனியை மட்டும் துளித்துளியாக வெட்டுங்கள். ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஒரே நாளில் நாலு காலையும் முடிக்க வேண்டியதில்லை. சுருளி காலை உருவிக்கொண்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுவேன், மீதியை நாளை சாயங்காலம் மடியில் படுத்திருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.