மேசைக் கணினியில் இன்னொரு டிரைவ் சேர்ப்பது எப்படி

சி டிரைவ் நிரம்பிவிட்டதா? புது டிரைவ் வாங்கும் முன் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். இந்த வேலையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) ஏற்காத டிரைவை வாங்குவதால்தான் போகிறது.

விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தட்டினால் ‘பேஸ்போர்டு ப்ராடக்ட்’ என்ற வரியில் மதர்போர்டின் மாடல் பெயர் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் கையேட்டைத் தேடி, சேமிப்பகம் பற்றிய பக்கத்தை மட்டும் படித்தால் போதும். எம்.2 ஸ்லாட் (கார்டு வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்; எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) உண்டா, எத்தனை, அவை என்விஎம்இ (வேகமான புது இணைப்பு முறை) கார்டை ஏற்குமா, சாட்டா (பழைய, மெதுவான முறை) கார்டை ஏற்குமா, இரண்டையுமா என்று பாருங்கள். சாட்டா வகை எம்.2 கார்டில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்விஎம்இ கார்டில் ஒன்றுதான். ஆனால் இரண்டுமே ஒரே ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்திவிடும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா கார்டைச் செருகினால் எதுவும் கெடாது, ஆனால் கணினிக்கு அது தெரியவே தெரியாது.

அதே பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கலாம்: இந்த எம்.2 ஸ்லாட்டில் கார்டு இருந்தால் இன்ன எண்ணுள்ள சாட்டா போர்ட் (டிரைவின் கேபிளைச் செருகும் இடம்) வேலை செய்யாது என்று. சில போர்டுகளில் இரண்டுக்கும் சிப்செட்டிலிருந்து (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வரும் பாதை ஒன்றே. புது எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால், பதறாமல் அதன் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

எதை வாங்குவது? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் (7200 ஆர்பிஎம்) ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி அளவில் நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். விண்டோஸும் மென்பொருட்களும் விளையாட்டுகளும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வரும்போது தெரியும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அன்றாட வேலையில் அவ்வளவாகத் தெரியாது. கல்யாண வீடியோ, படங்கள் போன்றவற்றைக் குவித்து வைக்க ஹார்டு டிஸ்க் போதும். அதிலும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து சிஎம்ஆர் வகையைக் கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆரில் தரவு எழுதும் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால், நூற்றுக்கணக்கான ஜிபியைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும்.

மாட்டும் நாளில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ‘ஷட் டவுன்’ கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் வசதி) இயங்கும் கணினி சாதாரண ஷட் டவுனில் முழுமையாக அணைவதில்லை. பிறகு பின்புற சுவிட்சை அணைத்து, மின்கம்பியை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். டிரைவைத் தொடும் முன் கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டால் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

எம்.2 கார்டில் பரவலான அளவு 2280, அதாவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். அதைத் தாங்கும் சிறு உலோகக் கால் 80 மிமீ துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டைச் சுமார் 30 டிகிரி சாய்வில், தங்க நிறப் பட்டை ஏறக்குறைய மறையும்வரை செருகி, மெல்லப் படுக்க வைத்து ஸ்க்ரூ போடுங்கள். இந்த ஸ்க்ரூ மிகச் சிறியது, விரல் நுனி பலமே போதும். போர்டோடு வந்த ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இருந்தால் அதன் பேடின் (கார்டின் மேல் படியும் மென்பட்டை) மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். உரிக்க மறந்தால் சூடு வெளியேறாது. எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் உரிக்க வேண்டாம், வாரண்டி போய்விடும்.

எம்.2 அல்லாத சாட்டா டிரைவுக்கு இரண்டு கேபிள்: போர்டிலிருந்து மெல்லிய டேட்டா கேபிள், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அகலமான பவர் கேபிள். இரண்டு முனையும் ‘எல்’ வடிவம், தலைகீழாக அழுத்தினால் உடையும். இந்தப் பவர் கேபிளில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள், ஒரே கம்பெனியாகவே இருந்தாலும், முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் டிரைவ் அந்த நொடியே செத்துவிடும், உள்ளே இருந்த படங்களும் அதோடு போகும். பவர் முனை போதாமல் மோலெக்ஸ் அடாப்டர் (பழைய வகைப் பவர் முனையைச் சாட்டா முனையாக மாற்றும் கம்பி) வாங்க நேர்ந்தால், கம்பிகளை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவான வகை வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்ததுண்டு.

கணினியை இயக்கி, டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய், புது டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பூட் வரிசை (கணினி எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசை) மாறியிருந்தால் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் வரும்படி வையுங்கள்.

விண்டோஸில் டிரைவ் உடனே தென்படாது. அது பழுது அல்ல, இன்னும் தயார்செய்யவில்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். இனிஷியலைஸ் செய்ய (டிரைவை முதன்முறை தயார்செய்ய) கேட்கும்போது ஜிபிடி என்ற புதிய பிரிவு அட்டவணை முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான எம்பிஆர் என்றால் 2 டிபிக்கு மேலுள்ள இடம் பயன்படாது. கருப்புப் பட்டையாகத் தெரியும் ‘அன்அலோகேட்டட்’ பகுதியில் வலது கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’, பிறகு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை), ‘க்விக் ஃபார்மட்’ ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சொடுக்குக்கு முன்னும் டிஸ்க் எண்ணையும் அளவையும் சரிபாருங்கள், இங்கே கை தவறினால் பழைய டிரைவ் அழியும். ஏற்கெனவே தரவு உள்ள பழைய டிஸ்கை மாட்டும்போது இனிஷியலைஸ் கேட்டால் ‘கேன்சல்’ மட்டுமே. 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டுவது சரிதான். தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024ஆலும் கணக்கிடுகின்றன.

இனி சி டிரைவைக் காலி செய்யலாம். முதலில் புது டிரைவில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பழைய டவுன்லோட்ஸின் ப்ராப்பர்ட்டீஸில் ‘லொகேஷன்’ தாவலுக்குப் போய், ‘மூவ்’ கொடுத்து அந்தப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். ஃபோல்டர் இல்லாமல் புது டிரைவையே (டி என்று வைத்துக்கொள்வோம்) காட்டிவிட்டால் முழு டிரைவும் டவுன்லோட்ஸ் ஆகிவிடும், திரும்ப மாற்றுவது பெரும்பாடு. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ஸைக் கட்-பேஸ்ட் செய்யாதீர்கள். மென்பொருளை நீக்கி, புது டிரைவில் மறுபடி நிறுவுவதே வழி.